தந்தை யார்? – டி.என்.ஏ. சோதனை விடை காணும் முறை

குழந்தை பிறந்த வீட்டிற்கு வருவோர் முதலில் நோக்குவது அதன் முகச் சாயலையே. ‘மூக்கு அப்பனுடையது, நெற்றி பாட்டியுடையது’ என்று முதியோர் சொல்லி மகிழ்வர். மகிழ்ச்சி நிறைந்த வீட்டில் இப்பேச்சு ஒரு விளையாட்டு. ஆனால், ‘இது என் குழந்தையன்று’ என்று ஒருவர் மறுக்கும் இடத்தில் அதே பேச்சு தாயின் மானத்தையும் குழந்தையின் உணவையும் தொட்டுவிடுகிறது. சாயல் சான்றாகாது. தந்தைக்குச் சிறிதும் ஒத்திராத பிள்ளைகளும் உண்டு. உறவே இல்லாத இருவர் ஒரே அச்சாக இருப்பதும் உண்டு. அவ்வாறாயின் சான்று எங்கே கிடைக்கும்?

நம் நாட்டில் இக்கேள்விக்கு டி.என்.ஏ. சோதனையின் வழியே முதன்முதலில் விடை கண்ட வழக்கு, பெங்களூருக்குத் தொலைவில் இல்லாத ஓர் ஊரில் நடந்தது. மைசூரையும் குடகு மலையையும் கடந்து மேற்கே இறங்கினால் கேரளக் கடற்கரையில் தலைச்சேரி நகரம் இருக்கிறது. அங்குள்ள தலைமை ஜுடீஷியல் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 1988-ஆம் ஆண்டின் மனு ஒன்று விசாரணைக்கு வந்தது. ஒரு சிறுவனுக்கு ஜீவனாம்சம் வேண்டும் என்பது கோரிக்கை. தந்தையெனக் குறிப்பிடப்பட்டவர், அவன் தம் மகன் அல்லன் என்று மறுத்தார். இரத்த மாதிரிகள் ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் ஆராயப்பட்டன. அங்குப் பணியாற்றிய விஞ்ஞானி லால்ஜி சிங் நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். அம்மனிதரே தந்தை என்பது ஆய்வின் முடிவு.

இரசாயனப் பரிசோதகரின் கருத்தையும் கைரேகை நிபுணரின் கருத்தையும் போலவே இதுவும் நிபுணர் சாட்சியமாக ஏற்கத்தக்கது என்று மாஜிஸ்திரேட் கூறினார். கேரள உயர் நீதிமன்றம் 1991-இல் அம்முடிவை உறுதி செய்தது. சென்னையில் 1849-ஆம் ஆண்டிலேயே இரசாயனப் பரிசோதகரின் சோதனைச்சாலை நிறுவப்பட்டது என்பதை இங்கு நினைவுகூரலாம். விஞ்ஞானியின் சொல்லைக் கேட்டுத் தீர்ப்புக் கூறும் வழக்கம் நமது நீதிமன்றங்களுக்குப் புதிதன்று. புதிதாக வந்தது சோதனை முறையே. அம்முறை யாது, அதற்குச் செல்வோர் எதிர்பார்க்க வேண்டியவை யாவை, அது எவ்விடத்தில் நின்றுவிடும் என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரத்த வகையும் அதன் எல்லையும்

டி.என்.ஏ. சோதனைக்கு முன்னர் இரத்த வகையே துணையாக இருந்தது. வியன்னா நகரில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1900-1901-ஆம் ஆண்டுகளில் ஏ, பி, ஓ எனும் இரத்த வகைகளைக் கண்டறிந்தார். பின்னர் ஏபி வகையும் சேர்ந்தது. இவ்வகைகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு ஒழுங்கான விதிப்படி இறங்குகின்றன. குழந்தையிடம் பி எனும் கூறு இருந்து, தாயிடம் அது இல்லையெனில், அது தந்தையிடமிருந்தே வந்திருத்தல் வேண்டும். ஆகவே, பி கூறு இல்லாத ஆடவரைத் தந்தையல்லர் என்று விலக்கலாம்.

சினிமா நடிகர் சார்லி சாப்ளின் மீது தொடரப்பட்ட வழக்கில் நிகழ்ந்தது இதுவே. 1944-இல் செய்த சோதனையில் தாய் ஏ வகை, குழந்தை பி வகை, சாப்ளின் ஓ வகை என்று தெரிந்தது. விஞ்ஞானப்படி அவர் தந்தையாக இருக்க முடியாது. எனினும், 1945-இல் ஜூரிகள் அவரே தந்தை என்று முடிவு செய்தனர். அக்காலத்துக் கலிபோர்னியச் சட்டம் இரத்தச் சோதனையை முடிவான சான்றாகக் கருதவில்லை. சோதனை ஒன்று கூறுவதும் சட்டம் வேறொன்று கூறுவதும் அன்றே உண்டு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இரத்த வகைக்கு இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, அது ‘இவர் அல்லர்’ என்று சொல்லுமே ஒழிய, ‘இவரே’ என்று சொல்லாது. பி வகை ஆடவர்கள் ஊரில் எத்தனையோ பேர். இரண்டாவது குறை நம் நாட்டிலேயே கண்டறியப்பட்டது. பம்பாயில் மருத்துவர் ஒய்.எம்.பெண்டேயும் அவருடைய தோழர்களும் 1952-இல் ஓர் அரிய இரத்த வகையை வெளியிட்டனர். ஏ, பி கூறுகள் உருவாவதற்கு அடிப்படையான எச் எனும் பொருள் சிலருக்கு இல்லை. அவர்களிடம் பி கூறுக்குரிய மரபு இருந்தாலும் சாதாரணச் சோதனையில் ஓ வகை என்றே தோன்றும். அம்மரபு பிள்ளைக்குச் செல்லும்போது அங்கு பி வகை வெளிப்படும். பெற்றோர் இருவரும் ஓ வகை போலத் தோன்ற, பிள்ளை பி வகையாக இருக்கக் கூடும். அதில் தவறு ஏதும் இல்லை. இது பம்பாய் இரத்த வகை எனப் பெயர் பெற்றது.

ஆசிரியர்கள் இவ்விடத்தைக் கவனித்தல் நலம். மாணவர் தம் இரத்த வகையையும் பெற்றோரின் வகையையும் எழுதி வந்து வகுப்பில் ஒப்பிடும் பயிற்சி சில பள்ளிகளில் உண்டு. அட்டையில் தவறாக எழுதப்பட்ட ஒரு வகையோ, தத்தெடுக்கப்பட்ட செய்தி அறியாத ஒரு குழந்தையோ போதும். கரும்பலகை ஒரு குடும்பத்தின் கண்ணீருக்குக் காரணமாகிவிடும். இப்பாடத்தைக் கற்பனைக் குடும்பத்தைக் கொண்டு நடத்துவதே முறை.

பாம்பிலிருந்து பிறந்த சோதனை

நமது உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆனது. அவற்றுள் உட்கரு உடையவற்றில் பெரும்பாலும் 23 ஜோடிக் குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாய் தந்தது. மற்றொன்று தந்தை தந்தது. குரோமோசோமின் உள்ளிருக்கும் நீண்ட இழையே டி.என்.ஏ. அவ்விழையில் நான்கே வகையான இரசாயன எழுத்துக்கள் மாறி மாறி வருகின்றன. ஒருவர் தாயிடமிருந்து பெறும் தொகுதியில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்கள். தந்தையிடமிருந்து பெறுவதிலும் ஏறத்தாழ அவ்வளவே.

மனிதருக்குள் இவ்வெழுத்து வரிசை மிகப் பெரும்பாலும் ஒன்றே. வேறுபடும் இடங்கள் சிலவே. அவற்றுள் நமக்குப் பயன்படுபவை, ஒரு சிறு சொல் பன்முறை அடுக்கி வரும் இடங்கள். நான்கு எழுத்துக்களால் ஆன ஒரு சொல் ஒருவரிடம் ஓர் இடத்தில் 9 முறை வரும். மற்றொருவரிடம் அதே இடத்தில் 12 முறை வரும். இவ்வடுக்கின் எண்ணிக்கையே ஆளுக்கு ஆள் மாறுபடுவது; பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவதும் அதுவே.

இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக் கழகத்தில் அலெக் ஜெப்ரீஸ் 1984 செப்டம்பர் 10-ஆம் நாள் இவ்வேறுபாடுகளை எக்ஸ்ரே படத்தில் கோடுகளாகக் கண்டார். கடைச் சரக்கின் மீது அச்சிடும் கோட்டுக் குறி போல ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை தெரிந்தது. குழந்தையின் கோடுகளுள் ஒவ்வொன்றும் தாயிடமாவது தந்தையிடமாவது இருந்தது. அடுத்த ஆண்டிலேயே, கானா நாட்டிலிருந்து பிரிட்டனுக்குத் திரும்பிய ஒரு சிறுவன் தன் தாயின் மகனே என்று நிலைநாட்ட இம்முறை உதவியது. அதிகாரிகளின் ஐயத்தால் பிரிந்துபோக இருந்த தாயும் மகனும் ஒன்றாக வாழ வழி பிறந்தது. இம்முறை முதன்முதலில் பயன்பட்டது குற்றவாளியைப் பிடிப்பதற்கன்று, ஒரு குழந்தையை வீட்டில் சேர்ப்பதற்கே என்பது குறிப்பிடத்தக்கது.

நம் நாட்டில் இம்முறை உருவான கதை வேறு. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 1947-இல் பிறந்த லால்ஜி சிங், காசி இந்துப் பல்கலைக் கழகத்தில் பாம்புகளின் குரோமோசோம்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவர். பின்னர் எடின்பரோ நகரில் ஆய்வு செய்தபோது, கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டைகள் கொண்ட கட்டுவிரியன் இனத்துப் பெண் பாம்பிலிருந்து ஒரு டி.என்.ஏ. பகுதியைப் பிரித்தெடுத்தார். பாம்பில் ஆண், பெண் பால் வேறுபாட்டைப் பற்றியது அவ்வாராய்ச்சி. அப்பகுதியில் நான்கு எழுத்துச் சொல் ஒன்று அடுக்கடுக்காக வந்தது. அதே அடுக்குகள் மனிதரிடமும் உள்ளன. ஆளுக்கு ஆள் மாறுபடுகின்றன. 1987-இல் தாயகம் திரும்பி ஐதராபாத் மையத்தில் சேர்ந்த அவர், பாம்பிடம் கண்ட அப்பகுதியைக் கருவியாகக் கொண்டு 1988-இல் இந்தியச் சோதனை முறையை அமைத்தார். தலைச்சேரி வழக்கில் பயன்பட்டது இதன் வழிவந்த முறையே. பின்னர் 1990-களின் நடுவில் ஐதராபாத்திலேயே டி.என்.ஏ. கைரேகை மற்றும் நோயறிதல் மையம் தனியே ஏற்பட்டது. லால்ஜி சிங் 2017 டிசம்பரில் காலமானார்.

‘டி.என்.ஏ. கைரேகை’ எனும் தொடர் வழக்கில் நிலைத்துவிட்டது. ஆயினும் அது சற்றே மயக்கம் தருவது. கட்டைவிரல் ரேகையை மையில் ஒற்றி எடுப்பதே சோதனை என்று எண்ணிவிடலாகாது. விரலின் ரேகைக்கும் இச்சோதனைக்கும் தொடர்பில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனி என்ற ஒப்புமை பற்றியே இப்பெயர் வந்தது.

இன்றைய முறை

தொடக்க காலத்து முறைக்கு அதிக இரத்தமும் பல நாட்களும் வேண்டியிருந்தன. இன்று சில துளிகளே போதும். 1983-இல் அமெரிக்க விஞ்ஞானி காரி முல்லிஸ் வகுத்த பெருக்கு முறையே இதற்குக் காரணம். டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட சிறு பகுதியை ஒரு கருவியில் சூடாக்கியும் குளிர்வித்தும் படியெடுக்கின்றனர். ஒரு சுற்றில் ஒன்று இரண்டாகும். அடுத்த சுற்றில் நான்காகும். இரட்டிப்பு தவறாது நடந்தால் முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். சதுரங்கக் கட்டங்களில் நெல்லை இரட்டித்து வைத்த கதையை அறிந்த மாணவருக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும்.

இவ்வாறு பெருக்கிய துண்டுகளை மெல்லிய குழாயில் மின்சாரத்தின் உதவியால் ஓடச் செய்கின்றனர். சிறிய துண்டு முன்னே செல்லும், பெரியது பின்தங்கும். அதைக் கொண்டு ஒவ்வோர் இடத்திலும் அடுக்கு எத்தனை என்பது எண்ணாகத் தெரிகிறது. ஒருவருக்கு ஒவ்வோர் இடத்திலும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று தாய் வழி, ஒன்று தந்தை வழி. சாதாரணமாகப் பதினைந்து முதல் இருபத்துநான்கு இடங்கள் வரை ஒரே சமயத்தில் ஆராயப்படும்.

கீழ்க்காணும் கற்பனைக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம்.

முதல் இடம்: தாய் 14, 17, குழந்தை 14, 18, முதல் ஆடவர் 18, 20, இரண்டாம் ஆடவர் 15, 16.
இரண்டாம் இடம்: தாய் 9, 11, குழந்தை 11, 12, முதல் ஆடவர் 12, 12, இரண்டாம் ஆடவர் 8, 12.
மூன்றாம் இடம்: தாய் 21, 24, குழந்தை 22, 24, முதல் ஆடவர் 22, 25, இரண்டாம் ஆடவர் 23, 25.

முதலில் தாயின் பங்கை நீக்குக. மூன்று இடங்களிலும் எஞ்சுவன 18, 12, 22. இவை தந்தையின் பங்கு. முதல் ஆடவரிடம் மூன்றும் உள்ளன. இரண்டாமவரிடம் 12 மட்டுமே உள்ளது. மற்ற இரண்டும் இல்லை. ஓர் இடத்தில் தற்செயலாகப் பொருந்துதல் எவருக்கும் நேரலாம் என்பதை அது காட்டுகிறது. ஆகவேதான் பல இடங்களை ஆராய்கின்றனர்.

இனி, முதல் ஆடவரிடம் மூன்றும் பொருந்துவதன் மதிப்பு என்ன? முதல் இடத்தில் அவர் 18-ஐக் குழந்தைக்குத் தருவதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்று. அவருடைய சமூகத்தில் 18 எனும் எண் பத்தில் ஒரு பங்கு காணப்படுவதாகக் கொள்வோம். வழியிற் செல்லும் எவரோ ஒருவர் அதைத் தருவதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்று. ஆகவே, முதல் ஆடவர் தந்தை என்று கொண்டால் இப்பொருத்தம் ஐந்து மடங்கு எளிதில் விளங்கும். இரண்டாம் இடத்தில் அவரிடம் இரண்டும் 12. ஆதலால் தருவது உறுதி. அவ்வெண் சமூகத்தில் நான்கில் ஒரு பங்கு எனில் மதிப்பு நான்கு. மூன்றாம் இடத்தில் 22 இருபதில் ஒரு பங்கு எனில் மதிப்பு பத்து. மூன்றையும் பெருக்கினால் 200.

இருநூறு என்பதைச் சதவிகிதமாக்கினால் 99.5 வரும். சோதனைக்கு முன் அவர் தந்தையாக இருப்பதும் இல்லாதிருப்பதும் சம வாய்ப்புடையன என்று வைத்துக்கொண்டே இது கணிக்கப்படுகிறது. மூன்று இடங்களிலேயே இவ்வளவு எனில், இருபது இடங்களைப் பெருக்கும்போது மதிப்பு பல லட்சங்களைத் தாண்டும். அறிக்கைகளில் 99.99 என்றும் அதற்கு மேலும் வருவது இவ்வாறே. ‘நூற்றுக்கு நூறு’ என்று எழுதாதது ஐயத்தால் அன்று; பெருக்கற் கணக்கு எவ்வளவு உயர்ந்தாலும் நூறைத் தொடுவதில்லை.

மறுப்பு மட்டும் உறுதியானது. பல இடங்களில் பொருந்தாத ஆடவர் தந்தை அல்லர். ஆனால், ஒரே இடத்தில் மட்டும் பொருந்தாதிருந்தால் அவசரப்படலாகாது. அடுக்கின் எண்ணிக்கை தலைமுறை மாறும்போது சிற்சில சமயம் ஒன்று கூடுவதும் குறைவதும் உண்டு. ஓர் இடத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு முறை இது நேர்கிறது. ஆகவே, உண்மையான தந்தையிடமும் ஓர் இடம் பிசகலாம். நல்ல சோதனைச்சாலை அப்போது மேலும் சில இடங்களை ஆராய்ந்த பின்னரே கருத்துரைக்கும்.

நம் பகுதியில் கவனிக்க வேண்டியது

மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள் மணம் செய்யும் வழக்கம் தென்னாட்டில் நெடுங்காலமாக உள்ளது. கணவனும் மனைவியும் உறவினராயின் அவர்களிடையே பொதுவான எண்கள் மிகும். தந்தையெனக் கருதப்படும் இருவர் அண்ணன் தம்பியராயின் சிக்கல் இன்னும் மிகுதி. உடன்பிறந்தார் சராசரியாகப் பாதிப் பங்கு ஒத்திருப்பர். சில இடங்களை மட்டும் பார்த்தால் தம்பியும் பொருந்துவது போலத் தோன்றலாம். இத்தகைய உறவு உண்டெனில் அதைத் தொடக்கத்திலேயே சோதனைச்சாலைக்குத் தெரிவித்தல் வேண்டும். கூடுமானால் இருவரின் மாதிரியையும் ஆராய வேண்டும். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரை மட்டும் இச்சோதனை பிரித்தறியாது.

தந்தையெனக் கருதப்படுபவர் உயிருடன் இல்லாவிடிலும் வழி அடைந்துவிடவில்லை. ஆண் பிள்ளையாயின், தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோமை, பாட்டனாருடனோ தந்தையின் சகோதரருடனோ ஒப்பிடலாம். இது ஆண் வழியைக் காட்டுமே தவிர அவ்வழியில் எவர் என்று காட்டாது. தாய் வழிக்கு வேறொரு டி.என்.ஏ. உண்டு, உட்கருவிற்கு வெளியே இருக்கும் அது, தாயிடமிருந்தே பிள்ளைகளுக்குச் செல்வது. அர்ஜென்டினா நாட்டில் 1976 முதல் 1983 வரை நடந்த இராணுவ ஆட்சியில் பெற்றோர் காணாமற்போக, குழந்தைகள் பிறர் கைக்குச் சென்றனர். பேரக் குழந்தைகளைத் தேடிய பாட்டிமாருக்கு மேரி கிளேர் கிங் எனும் அமெரிக்க விஞ்ஞானி இவ்வகை ஒப்பீட்டின் வழியே உதவினார். தந்தையும் தாயும் இல்லாத இடத்திலும் குழந்தை தன் குடும்பத்தை அறிய முடிந்தது.

சோதனைக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

அரசுச் சோதனைச்சாலைகள் பொதுவாக நீதிமன்றத்தின் அல்லது போலீஸின் வழியே வரும் மாதிரிகளையே ஏற்கும். கர்நாடகத்தில் பெங்களூர் மடிவாளாவில் உள்ள மாநிலத் தடய அறிவியல் சோதனைச்சாலையும், தமிழ்நாட்டில் சென்னை மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறையும், ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசு மையமும் இப்பணியைச் செய்கின்றன.

குறிப்பிட்ட நாளில் தாய், குழந்தை, ஆடவர் மூவரும் வருதல் சிறந்தது. தாயின் மாதிரி இல்லாமலும் சோதனை செய்ய இயலும்; ஆயினும் அவர் பங்கை நீக்கிக் காண்பதே தெளிவைத் தரும். முதலில் அடையாளம் சரிபார்க்கப்படும். புகைப்படம் ஒட்டப்பட்டு, கையொப்பமும் விரல் ரேகையும் பெறப்படும். சம்மதப் படிவம் எழுதப்படும். குழந்தைக்காகத் தாயோ பாதுகாவலரோ கையெழுத்திடுவர். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படிவத்தை அவர் மொழியில் படித்துக் கூறுதல் களப் பணியாளர் செய்யத்தக்க பேருதவி.

பெரும்பாலும் சில மில்லிலிட்டர் இரத்தம், உறையாமல் காக்கும் மருந்து இட்ட குழாயில் எடுக்கப்படும். சிறு குழந்தைக்குக் குதிகாலில் குத்தி எடுத்த சில துளிகளோ, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்த மாதிரியோ போதும். பஞ்சுக் குச்சியை உலர்த்திக் காகித உறையில் வைப்பர். ஈரத்துடன் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் கிருமிகள் பெருகி டி.என்.ஏ. சிதைந்துவிடும். பட்டினியாக வரவேண்டிய தேவை இல்லை. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றிருந்தாலும், அண்மையில் பிறர் இரத்தம் ஏற்றப்பட்டிருந்தாலும் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இரத்தத்தில் பிறருடைய உயிரணுக்கள் கலந்திருக்கக் கூடும்.

மாதிரி எடுத்த கணம் முதல் சோதனை முடியும் வரை அது எவர் கையிலிருந்து எவர் கைக்குச் சென்றது என்பது எழுதப்பட்டு, முத்திரை உடையாமல் இருத்தல் வேண்டும். நீதிமன்றத்தில் எதிர்த் தரப்பு முதலில் கேட்பது இதைத்தான். தபாலில் வரவழைத்து வீட்டிலேயே மாதிரி எடுத்து அனுப்பும் தனியார் சோதனைகளின் குறை இங்கேயே உள்ளது. கருவி ஒன்றாகவே இருக்கலாம்; ஆனால், அனுப்பப்பட்ட மாதிரி எவருடையது என்பதற்குச் சாட்சி இல்லை. மனைவி அறியாமல் குழந்தையின் மாதிரியை எடுத்து அனுப்பிப் பெற்ற தாள், வழக்கிற்கும் உதவாது, குடும்பத்தையும் குலைக்கும்.

அறிக்கை இரண்டில் ஒன்றைச் சொல்லும்: ‘இவர் தந்தைமையிலிருந்து விலக்கப்படுகிறார்’, அல்லது ‘விலக்கப்படவில்லை, நிகழ்தகவு இவ்வளவு’. ‘விலக்கப்படவில்லை’ எனும் தொடரைக் கேட்டு ஐயமுற வேண்டா. அது சோதனைச்சாலையின் நடை. உடன் வரும் எண்ணே மதிப்பைக் காட்டுவது.

சட்டம் கேட்கும் கேள்வி

இனி, சோதனை எங்கே நின்றுவிடும் என்பதைக் காண்போம். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, முறையான திருமணம் நிலைத்திருக்கும்போது, அல்லது அது முடிந்து தாய் மறுமணம் செய்யாதிருக்கையில் 280 நாட்களுக்குள், பிறந்த குழந்தை அக்கணவருக்குரிய நேரிய குழந்தையே என்று கூறியது. கருவுற்றிருக்கக் கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்று நிலைநாட்டினால் ஒழிய, அது முடிவான சான்று. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய பாரதிய சாட்சியச் சட்டத்திலும் இவ்விதி 116-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. டி.என்.ஏ. எனும் சொல்லே பிறவாத காலத்தில், குழந்தையின் மீது பழி விழாதிருக்க வகுத்த அரண் இது.

ஆகவேதான், கேட்டவுடன் சோதனைக்கு உத்தரவிடலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் நெறி வகுத்தது. ஐயத்தின் பேரில் குழந்தையைச் சோதனைக்கு உட்படுத்த முடியாது. வலுவான முகாந்திரம் வேண்டும். அதனால் தாய்க்கும் சேய்க்கும் விளையும் தீங்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மற்றொரு புறம், சோதனை முறையாக நடந்து உண்மை வெளிவந்த பின்னர், சட்டத்தின் ஊகத்தைக் காட்டிலும் உண்மைக்கே இடமளிக்க வேண்டும் என்று 2014-இல் அதே நீதிமன்றம் கூறியது. மண முறிவு வழக்கில் மனைவியின் ஒழுக்கத்தை ஆராயும் கருவியாகக் குழந்தையைக் கொள்ளலாகாது என்பது 2023-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சாரம்.

உத்தரவுக்குப் பின்னரும் மறுப்பவர் நிலை என்ன? பல வழக்குகளில், மறுத்ததையே அவருக்கு எதிரான ஊகத்திற்குக் காரணமாக நீதிமன்றம் கொள்ளலாம். உத்தரப் பிரதேச, உத்தராகண்ட மாநிலங்களின் முன்னாள் முதலமைச்சர் நாராயண் தத் திவாரியின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் அதற்கும் மேலே சென்று, இரத்தம் அளித்தே தீரவேண்டும் என்றது. 2012-இல் அவரிடம் எடுத்த மாதிரி ஐதராபாத்தில் ஆராயப்பட்டது. அவரே தந்தை என்ற முடிவு அவ்வாண்டு ஜூலையில் நீதிமன்றத்தில் வெளியிடப்பட்டது. பதவியும் வயதும் ஒரு மகனின் கேள்விக்குத் தடையாகவில்லை.

களப் பணியாளருக்கு ஒரு சொல்

தந்தையால் மறுக்கப்பட்ட குழந்தையுடன் ஒரு தாய் வந்தால், முதலில் சோதனையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. திருமணம் ஆகியிருப்பின் சட்டத்தின் ஊகமே அவருக்குத் துணை. திருமணம் ஆகாதிருப்பினும் குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்கும் உரிமை உண்டு. முன்னர்க் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் இருந்த அவ்வுரிமை, இப்போது புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவில் உள்ளது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் அதிகார அமைப்புச் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். தாலுகா நீதிமன்றத்திலேயே அதற்கான குழு உண்டு. மனு அங்கே தொடங்கட்டும். சோதனை வேண்டுமா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும்.

டி.என்.ஏ. சோதனை ஒரே ஒரு கேள்விக்கு விடை தருகிறது: இக்குழந்தையின் உடலில் உள்ள பாதிப் பங்கு எவரிடமிருந்து வந்தது? அவ்விடையை இன்று ஐயத்திற்கு இடமின்றித் தருகிறது. குழந்தையை வளர்ப்பவர் யார், சோறிடுபவர் யார், பள்ளிப் பதிவேட்டில் பெயர் கொடுப்பவர் யார் என்பன அதன் எல்லைக்குள் வருவன அல்ல. தலைச்சேரிச் சிறுவனின் வழக்கில் விஞ்ஞானம் வெற்றி பெற்றதாகப் பாராட்டப்படுகிறது. ஆனால், அவனுக்காகக் கேட்கப்பட்டது ஜீவனாம்சமே. சோதனைக்கு ஒருவரை அனுப்பும் முன், அதனால் குழந்தைக்கு வரும் நன்மை யாது என்று கேட்பது நம் கடமை. அக்கேள்விக்கு நல்ல விடை கிடைக்குமாயின், சோதனையைத் தயக்கமின்றி நாடலாம்.